ஐந்தாவது கோட்டில் நிறுத்தினேன்

மகன்,

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. வியாழக்கிழமை விமானநிலையத்தில் உன் கையில் தருவார். விழுந்துவிடாமல் இருக்கப் பையின் வாயை ஊசியால் குத்தி விட்டிருக்கிறேன், கவனமாக எடு. மற்றதை மாதா கோயில் மண்டபத்துக் கதவில் ஒட்டப்போகிறேன். அதற்காகக் கோதுமை மாவில் பசை காய்ச்சி ஆற வைத்திருந்தேன். அப்பா வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கஞ்சிக்கு உப்புப் போட்டனியே?" என்று கேட்டார். இத்தனை வருடம் என் சமையலைச் சாப்பிட்ட மனுசனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் குற்றம் பசையில் இல்லை.

உனக்கு எழுதியதை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். உனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் நான் உன்னைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லை இந்த மண்டபத்தில், இந்த ஊருக்கு முன்னால்தான் சொன்னேன். ஊருக்கு முன்னால் சொன்னதை வீட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு திருப்பி எடுத்துவிட முடியாது. நம் பேசாலை ஊர்ச் சனம் பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று வாசிக்கட்டும். இதில் பகிடியும் வரும், சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். எனக்குக் கை நடுங்கத் தொடங்கினால் வாய் ஓடத் தொடங்கும் என்பது உனக்குத் தெரியும். பகிடி வருகிற இடமெல்லாம் என் கை நடுங்கிய இடம் என்று வைத்துக்கொள்.

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் சண்டைக்குத் தப்பிப் படகேறி, இராமேஸ்வரத்துப் பக்கத்து முகாமில் போய் விழுந்தவள் நான். பத்தடி அறை, நடுவில் சாக்குத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அங்கே எங்களிடம் இருந்ததெல்லாம் யாரோ தந்தது. நாங்கள் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் சிரிப்பு. அதில் நான் பெரிய பணக்காரி. தண்ணீர் வரிசையில் நிற்கிற கிழவர் முதல் பதிவெடுக்க வருகிற உத்தியோகத்தர் வரை எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். முகாம் முழுவதும் என்னை வாய்க்காரி என்றது. அதை நான் ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டேன்.

பதினேழாவது வயதில் முகாமில் கணினி வகுப்பு வந்தது. சொல்லிக்கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், மெலிந்த ஆள். திரையில் ஓர் ஆமை இருக்கும். முன்னே நூறு என்று எழுதினால் நூறு அடி நடக்கும், வலப்பக்கம் தொண்ணூறு என்றால் அத்தனை பாகை திரும்பும், போகிற வழியெல்லாம் கோடு விழும். நாலு தரம் சொன்னால் சதுரம். ஒருநாள் அவர் வருவதற்கு முன் நான் ஆமையின் பேனாவைத் தூக்கி வைக்கிற கட்டளையைப் போட்டுவிட்டேன். ஆமை நடக்கும், கோடு விழாது. பாவம், மனிதர் அரைமணி நேரம் வயரைப் பிடுங்கிச் செருகி, திரையைத் துடைத்து, மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். பிறகு அவருக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்து, "யாரும்மா பேனாவத் தூக்குனது? இப்ப கையத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கியே, இன்னும் என்ன தெரியும்? செஞ்சு காட்டு" என்று கதிரையை எனக்கு விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நான் தட்டித் தடவி ஒரு பூக் கீறி முடிக்கும்வரை அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் நான் கணினி படித்தேன். அப்படிப் பின்னால் நிற்பதைப் படிக்கவில்லை.

நாங்கள் அப்பாவின் ஊருக்குத் திரும்பி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நீ பேசினது முழுக்க அந்தப் பக்கத்துத் தமிழ். "இல்லீங்க டீச்சர், நேத்தே குடுத்துட்டேன்" என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்ல, வகுப்பு முழுவதும் உன்னை இந்தியன் என்று கூப்பிட்டது. அதிலிருந்து தப்புவதற்காக நீ வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாய். ஒரு சொல்லை மூன்று தரம் உள்ளுக்குள் உருட்டிப் பார்த்து, அது இந்த ஊர்ச் சொல்தான் என்று தெரிந்த பிறகே வெளியே விடுவாய். நான் உன் தாய், வாய்க்காரி, எனக்கு அது விளங்கவேயில்லை. பிள்ளை அமைதியாகிவிட்டான், வளர்கிறான் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் யாரோ அனுப்பிய ஐந்து பழைய கணினிகள் துணி மூடிக் கிடந்தன. பாதர் கேட்டபோது ஊரில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சனிக்கிழமைகளில் வகுப்புத் தொடங்கினேன். ஆமையைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, மெதுவானது என்றார்கள். மன்னாரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கழுதைக்கு வராது என்பதால் அதற்குக் கழுதை என்று பெயர் வைத்தேன். "நம்மட ரவுண் றோட்டில படுத்திருக்கிற கழுதை மாதிரி இல்லைப் பிள்ளையள், இது சொன்னால் கேக்கும், சொன்னதை மட்டும் கேக்கும்" என்றேன். கணினியைத் தொட விடுவதற்கு முன் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காலை மணலில் இழுத்து நடக்க வேண்டும், மற்றவர் கட்டளை சொல்ல வேண்டும். முக்கோணம் கீறச் சொன்னால் எல்லோரும் அறுபது திரும்பச் சொல்வார்கள், முக்கோணத்தின் உள்மூலை அறுபது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததால். கழுதையாக நடக்கிற பிள்ளை முக்கோணத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

ஏன் என்று கண்டுபிடித்தது நீ. எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, நீ தனியாகப் போய் மூன்று பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தாய். "நடக்கிற ஆள் திரும்புறது உள்மூலையில்லை ரீச்சர். நேரா போயிருந்தால் எங்க போயிருப்பாரோ, அங்கயிருந்து திரும்ப வேணும். நூற்றியிருவது" என்றாய். வகுப்பில் எல்லோரையும் போல நீயும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அதுவரை நீ இந்த ஊரில் பேசிய ஆக நீளமான பேச்சு அது. நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? "பாருங்கோடா, ஊமைக்கழுதையும் கணக்குச் சொல்லுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆகவே அது சரியென்று எடுத்துக்கொண்டேன். சிரிக்கிற பிள்ளைக்கு நோகாது என்று ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. கணினியில் ஒரு கணக்குப் பிழைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். வீட்டில் அப்படி ஒன்றும் காட்டாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு அப்போது பதின்மூன்று. பூசை முடிந்து, பிள்ளைகள் கீறிய வடிவங்களைப் பார்க்கப் பெற்றோர் மண்டபத்துக்கு வந்தார்கள். பாதர் வந்தார், படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டிமார் வெள்ளை வேட்டியோடு வந்து பின்னால் நின்றார்கள். இரண்டு வருடமாக எங்களை இந்தியாவால் வந்த ஆக்கள் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்த ஊர், முதல்தரமாக நான் செய்த ஒன்றைப் பார்க்க வந்திருந்தது. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அப்பாவும் பக்கத்தில் இல்லை, அந்தப் பருவத்தில் அவர் தெற்குக் கரை மீன்வாடியில் தங்கித் தொழிலில் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து தன் வடிவத்தை ஓட்டிக் காட்டியது. சதுரங்களைச் சுற்றி வைத்துச் செய்த பூ, ஆறுகோணத் தேன்கூடு. கழுதையை மெதுவாக நடக்க வைத்திருந்தேன், வந்தவர்கள் ஒவ்வொரு கோடாகப் பார்க்க வேண்டுமென்று.

கடைசியாக நீ வந்தாய். யாரோ பின்னாலிருந்து, "ரீச்சரின்ர மகன், கடைசிக்கெண்டு பத்திரப்படுத்தி வைச்சிருக்கிறா" என்றது எனக்குக் கேட்டது. அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பு முழுக்க முள்ளாகிவிட்டது. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை கொடுக்கிறாள் என்று ஊர் சொல்லிவிடும். கழுதை நடந்தது. முதல் கோடு, நீளமானது. பிறகு ஒரு பெரிய திரும்பல். மூன்றாவது கோட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நட்சத்திரம். நத்தாருக்கு வீட்டுக்கு வீடு தூக்குகிற ஐந்து முனை நட்சத்திரம். ஐந்தாவது கோடு வந்து முதல் புள்ளியில் சேர வேண்டும். சேரவில்லை. சுண்டுவிரல் நகமளவு விலகி நின்றது. ஐந்து முனை நட்சத்திரத்துக்குத் திரும்ப வேண்டியது நூற்றுநாற்பத்து நான்கு பாகை. நீ நூற்றுநாற்பத்தைந்து போட்டிருந்தாய். நான் பார்த்தவுடன் பிடித்துவிட்டேன். பிழை பிடிப்பதில் எனக்கு இருந்த வேகத்தைக் கடவுள் வேறு எதிலாவது கொடுத்திருக்கலாம்.

ஆறாவது கோடு தொடங்குவதற்குள் நான் விசையை அழுத்தி நிறுத்திவிட்டேன்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் முடியேல்ல" என்றாய் நீ.

"இஞ்ச அம்மா இல்லை. ரீச்சர்."

"ரீச்சர், கொஞ்சம் பொறுங்கோ."

மண்டபம் லேசாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. சிரிப்பின் வாசம் பட்டால் நான் என்ன ஆவேன் என்பது எனக்கே தெரியும். கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "என்ர மகன் நட்சத்திரம் கீறேல்ல, ஓட்டைவலை முடிஞ்சு வைச்சிருக்கிறார். இதால சூடை, நெத்தலி மட்டுமில்லை, சுறாவும் போய்வரும்" என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. சம்மாட்டிமார் சிரித்தார்கள், பாதர் சிரித்தார், உன்னோடு படிக்கிற பெடியள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு என் தோளில் தட்டி ஒரு மனிசி சொன்னா, "நீங்கள் நல்ல பகிடிக்காரி ரீச்சர், எங்கட ஊர் ஆள்தான்" என்று. அந்தச் சொல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன் நான். மகன், உன்னைக் கொடுத்து அதை வாங்கினேன். இதை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நீ அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதிரையை ஓசையில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாய். அடுத்த சனிக்கிழமை தலையிடி என்றாய். அதற்கடுத்த சனிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு நீ ஒரு கணினியையும் தொட்டதை நான் காணவில்லை.

வேறு ஊரில் என்றால் அந்தச் சொல் ஒரு கிழமையில் செத்திருக்கும். மீன்பிடிக்கிற ஊரில் ஒரு பிள்ளைக்கு ஓட்டைவலை என்று தாய் பெயர் வைத்தால் அது சாகாது. இந்தியன் என்ற பெயர் போய்விட்டது, அது உண்மைதான். அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்தது. பந்து விளையாட்டில் உன்னைக் கோல் காக்க நிறுத்தமாட்டார்கள். திருவிழாவில் பந்தல் கட்டக் கூப்பிடும்போதும் அந்தப் பெயர்தான். பள்ளிக்கூடம் முடித்து, அப்பாவைப் போலத் தொழிலுக்குப் போகிறேன் என்று நீ நின்றாயே, ஒரு சம்மாட்டி (பெயர் வேண்டாம், அவரும் இந்தக் கதவைத் தாண்டித்தான் பூசைக்கு வருவார்) உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓட்டைவலையை ஏத்திக்கொண்டு போனால் மீன் படுமே தம்பி" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். மற்றப் படகுக்காரரும் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி ஏற்றாமல் விட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை.

"சும்மா பகிடிக்குச் சொல்லியிருப்பார். அதைப்போய்ப் பெரிசா எடுக்கிறாய்."

"எல்லாருக்கும் பகிடிதான் அம்மா. உங்களுக்கும் பகிடி. எனக்கு அது பேர்."

அந்த மாதமே கொழும்புக்குப் பஸ் ஏறினாய். அலுமினியம் வெட்டி யன்னல், கதவு பொருத்துகிற வேலை. ஆறு வருடத்தில் நீ வீட்டுக்கு வந்தது இரண்டு தரம், அதுவும் ஒரு நத்தார், ஒரு செத்தவீடு. போன வருடம் அப்பா உன் வேலைத்தலத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "இரண்டு சட்டம் சேருற மூலையில நகத்தை வைச்சு இழுத்துப் பாக்கிறான். நகம் தடக்கினால் கழட்டிப் போட்டுத் திரும்ப வெட்டுறான். அவன்ர முதலாளி, இவனை மாதிரி மூலை வெட்ட ஆளில்லையாம் எண்டு சொன்னார்." அப்பா பெருமையாகச் சொன்னார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டேன். இரண்டு கோடு சேராமல் விலகி நிற்கிற இடம் எவ்வளவு நோகும் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தவள் நான்.

இனி, போன புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மண்டபத்துக்குப் புதிய கணினிகள் வந்திருக்கின்றன, பழையவற்றை ஏற்றிக்கொண்டு போக ஆள் வருவதாக இருந்தது. பின்னேரம் தனியாக இருந்து பிள்ளைகளின் பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் பெயர் 'அப்பா' என்று இருந்தது. யாருடைய அப்பா என்று யோசித்துக்கொண்டே ஓட விட்டேன். அந்த நீளமான முதல் கோட்டிலேயே அது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை தானாக விசைக்குப் போனது, இத்தனை வருடத்துக்குப் பிறகும். அந்த நேரம்தான் போன் அடித்தது. நீ.

"அம்மா, கட்டார் விசா சரிவந்திட்டு. அடுத்த கிழமை வியாழன் பிளைற்."

"அடுத்த கிழமையேயோ? எத்தினை மணிக்கு? நானும் அப்பாவோட வாறன்."

"வேண்டாம் அம்மா. தூரம். அப்பா வந்தால் காணும்."

"யன்னல் பக்கம் இடம் கேட்டு எடு. பிளைற் யன்னல் ஒழுங்கா பூட்டியிருக்கோ எண்டு நகத்தால இழுத்துப் பார்."

நீ சிரிக்கவில்லை. "சரி அம்மா, வைக்கிறன்" என்றாய். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன், வெளியே கருவாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி மேசைக்கு வந்தபோது கழுதை இன்னும் நடந்துகொண்டிருந்தது. திரையில் நட்சத்திரம் இல்லை. ஒவ்வொரு ஐந்து கோட்டுக்கும் நட்சத்திரம் ஒரு மயிரிழை நகர்ந்து, நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஓரமெல்லாம் முனைமுனையாக, நடுவில் வட்டமாக ஓர் இடம் விட்டு, கண் கண்ணாகப் பின்னின ஒரு பெரிய வட்டம் திரை நிறைய விரிந்திருந்தது. கடைசிக் கோடு வந்து முதல் புள்ளியில் தொட்டது. நகமளவு இல்லை, மயிரளவும் விலகல் இல்லை. கழுதை நின்றது.

கட்டளையைத் திறந்து பார்த்தேன். முன்னே முந்நூறு, வலப்பக்கம் நூற்றுநாற்பத்தைந்து, எழுபத்திரண்டு தரம். எழுபத்திரண்டு என்று நீ முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு எவனாவது எழுபத்திரண்டு என்று போடுவானா? நான் வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். எழுபத்திரண்டு தரம் நூற்றுநாற்பத்தைந்து, சரியாக இருபத்தொன்பது முழுச் சுற்று. எழுபத்தொன்றிலும் சேராது. பதின்மூன்று வயதில் நீ அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். ஒரு பாகை கூடியது பிழையில்லை, அதுதான் முழு வேலையும். நான் ஐந்தாவது கோட்டில் நிறுத்தினேன். இன்னும் அறுபத்தேழு கோடு இருந்தது.

வகுப்பில் ஒரு பிள்ளை கொஞ்சம் பொறுங்கோ என்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முகாமில் அந்த மெலிந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எனக்கு மறந்தா போனது? மறக்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்க்க ஊர் நிற்கவில்லை, எனக்கு நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். கரையிலிருந்து நேரே வந்தார், கால் முழுக்க மணல். திரும்ப ஓட விட்டேன். முழுவதும் நின்றபடியே பார்த்தார். அன்றைக்கு நீ கீறியது என்று மட்டும் சொன்னேன், கோப்பின் பெயரைச் சொல்லவில்லை.

"இது வீச்சுவலை" என்றார்.

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"எறிஞ்ச வலை. கையை விட்டு வெளிக்கிட்டு, தண்ணியில விழ முன்னம். ஓரத்தில இருக்கிறது ஈயக்குண்டு." திரையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "எறியிறவன் மீனைத்தான் பாப்பான். வலை விரியிறது கரையில இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் சின்னனில எந்த நாளும் கரையில குந்தியிருந்து எண்ணுவான். எத்தினை எண்ணினாப் பிறகு விரியுதெண்டு."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இஞ்சேர், இதையே நீ ஓட்டையெண்டனி?"

நீ உன் தகப்பனுக்காக ஒரு வலை பின்னிக்கொண்டு வந்தாய், அவர் வாடியால் வந்ததும் காட்ட வைத்திருந்திருப்பாய். அதைத்தான் நான் கிழிந்த வலை என்று ஊருக்கு ஏலம் போட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது முக்கோணம் சொல்லிக்கொடுக்க எனக்குக் கடற்கரைக்குப் போகத் தேவையில்லை, யன்னலால் காற்றாலைக் கோபுரத்தைக் காட்டி, மூன்று இறகுக்கும் நடுவில் எத்தனை பாகை என்று கேட்டால் போதும். ஆனால் உன்னுடையதை ஓட விட்டபோது யன்னல் பக்கம் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. ஐந்தாவது கோட்டில் ஒரு பெட்டை, "பிழைச்சுப் போச்சு ரீச்சர், நிப்பாட்டுங்கோ" என்றாள். என் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். "எண்ணுங்கோ" என்றேன். எண்ணினார்கள். இருபதுவரை விளையாட்டாக, நாற்பதுக்குப் பிறகு மெதுவாக. எழுபதில் சத்தம் அடங்கிவிட்டது. சேர்ந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை, எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார்கள்.

"ஆர் ரீச்சர் கீறினது?"

"அமலன்."

"எந்த அமலன்?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், மண்டபம் கூட்டுகிற மரியம்மாக்கா தும்புத்தடியோடு கதவில் நின்றவ, உள்ளே எட்டிப் பார்த்து, "உங்கட மகன் ஓட்டைவலையே கீறினது? அவன்ர பேர் அமலனே?" என்றா. பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவவுக்குத் தெரியவில்லை. ஞானஸ்நானப் பேரேட்டில் மட்டும் இருக்கிற பெயராகிவிட்டது உன் பெயர். மரியம்மாக்காவைக் கோபிக்காதே. அவ இந்தக் கடிதத்தை யாரையாவது கொண்டு வாசிப்பித்துக் கேட்பா, கேட்டுவிட்டு அழுவா. கதவில் ஒட்டுகிற யோசனை எனக்கு வந்தது அந்த நிமிடத்தில்தான். ஊருக்குச் சொல்கிறேன்: என் மகனின் பெயர் அமலன். மற்றது நான் வைத்தது, பிழையாக வைத்தது. அவன் கீறிய வலையில் ஓட்டை இல்லை. இனி அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் என்னைச் சொல்லுங்கோ, எனக்குப் பொருத்தம்.

மகன், போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். வெயில் நேரம் தண்ணீர் குடி, உப்பும் கொஞ்சம் சேர். அங்கே உனக்குக் கீழே சின்னப் பெடியள் வேலை பழக வருவார்கள். அவர்களில் ஒருவன் வெட்டுவது உனக்குப் பிழையாகத் தெரியும், உன் நகம் துடிக்கும். ஒரு சட்டம்தானே, வீணாகப் போனாலும் போகட்டும், அவனை வெட்டி முடிக்க விடு. எல்லோரும் சிரிக்கும்போது யார் சிரிக்கவில்லை என்று பார். நான் பார்க்கவில்லை. வேறு புத்தி என்னிடம் இல்லை, இருந்த புத்தி முழுவதையும் இந்தச் சில வரிக்குள் போட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிற கடிதத்தின் கடைசியில், ஆகவே வீட்டுக்கு வா என்று எழுத எனக்கு ஆசைதான். நாலு தரம் எழுதி வெட்டினேன். அதுவும் விசையை அழுத்துகிற வேலை என்று தெரிந்தது. நீ வரவேண்டாம் என்றாய், நான் விமானநிலையத்துக்கு வரவில்லை. அப்பாவை வாகனத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி மண்டபத்துக்குப் போவேன். பழைய கணினிகள் நாலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், உன் வலை இருக்கிறதை மட்டும் பாதரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். நீ பறக்கிற நேரம் அதை ஓட விட்டு, முன்னால் இருப்பேன்.

நீயும் நானும் இப்போது எத்தனையாவது கோட்டில் நிற்கிறோம் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் விலகித்தான் நிற்கிறது. சேருமா என்று உன்னைக் கேட்கமாட்டேன். கணக்கு உன்னிடம் இருக்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கோ என்று அன்றைக்கு இரண்டு தரம் சொன்னாய். பொறுக்கிறேன் மகன்.

அம்மா